கம்பெனி வீல் கனமா? தராசு வேறு சொல்கிறது

கார் பிரியர்கள் கூடுகிற இடங்களில் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்ளப்படும் கருத்து ஒன்று உண்டு. கார் கம்பெனி மாட்டி அனுப்பும் வீல் கனம், வெளியில் வாங்கிப் போடும் அலாய் வீல் இலகு என்பதே அது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் வீலை மாற்றுவதுதான் என்பார்கள். மாற்றிய மறுநாளே வண்டி பறக்கும், பிரேக் நறுக்கென்று பிடிக்கும், மைலேஜ் கூடும் என்பார்கள். கூடவே ஒரு கணக்கும் வரும்: வீலில் ஒரு கிலோ குறைந்தால் வண்டியில் நான்கு கிலோ குறைந்த மாதிரி. சிலர் வாயில் அது பத்து கிலோ ஆகிவிடும். இந்தப் பேச்சை நம்பிப் பெரும்பணம் செலவழித்துவிட்டு, பழையதைவிடக் கனமான வீலில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்கள் பணத்தையும் இழந்தார்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் குணத்தையும் இழந்தார்கள். அதனால் இந்தக் கருத்தைப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், கம்பெனி வீல் என்றும் வெளி வீல் என்றும் இரண்டு தனித்தனி இனங்கள் இருப்பதாக நினைப்பதே தவறு. பெரும்பாலான கார் கம்பெனிகள் வீலைத் தாங்களே வார்ப்பதில்லை, வீல் செய்பவர்களிடம்தான் வாங்குகின்றன. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 காரின் 20 அங்குல ஃபோர்ஜ்டு, அதாவது அடித்து உருவாக்கிய, வீலைச் செய்து கொடுத்தது ஜப்பானின் ரேஸ் நிறுவனம். வோல்க் ரேசிங் என்ற பெயரில் வெளிச்சந்தையில் விற்பதும் அதே நிறுவனம்தான். மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9 எம்ஆர், டொயோட்டா ஜிஆர் யாரிஸ் சர்க்யூட் பேக் போன்றவை ஆலையிலிருந்தே பிபிஎஸ் நிறுவனத்தின் ஃபோர்ஜ்டு வீலோடு வந்தன. அவற்றைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, கேள்விப்படாத பெயர் பொறித்த வார்ப்பு வீலை மாட்டுகிறவர் இலகுவான பொருளைக் கொடுத்துக் கனமான பொருளை வாங்குகிறார். ஆலையிலேயே ஃபோர்ஜ்டு வீல் மாட்டும் வழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. 1966-இல் போர்ஷே 911 எஸ் வெளிவந்தபோதே ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் ஊரிலுள்ள ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அலுமினியத்தை அடித்து உருவாக்கிய வீல் அதில் இருந்தது. கார் கம்பெனிக்காரர் எடையைப் பற்றிக் கவலைப்படாதவர் என்ற பேச்சு அன்றைக்கே பொய்த்துப்போயிற்று.

மாஸ்டா எம்எக்ஸ்-5 இன்னும் நல்ல சாட்சி. 1989-இல் வந்த முதல் தலைமுறையின் 14 அங்குல அலாய் வீல் ஒன்று ஏறத்தாழ ஐந்தரை கிலோதான். அது ஃபோர்ஜிங்கும் இல்லை, மக்னீசியமும் இல்லை. சாதாரண வார்ப்பு, அதைச் சிக்கனமாக வடிவமைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காருக்கு 15 அங்குலத்தில், அகலம் கூட்டி, மலிவாகக் கிடைக்கும் வெளி வீல்களில் ஏழு கிலோவைத் தாண்டுபவை சர்வசாதாரணம். நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 வந்தபோது, முந்தைய தலைமுறையில் ஐந்தாக இருந்த வீல் நட்டுகளை எடைக்காகவே நான்காகக் குறைத்தார்கள். நட்டையே எண்ணிக் குறைக்கிறவர்கள் வீலில் உலோகத்தை அள்ளிக் கொட்டியிருப்பார்கள் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது?

விலை உயர்ந்த பக்கம் போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. 2015-இல் அறிமுகமான ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆர், ஆஸ்திரேலியாவின் கார்பன் ரெவல்யூஷன் செய்த கார்பன் ஃபைபர் வீலோடுதான் ஆலையை விட்டு வந்தது. ஃபோர்டு சொன்ன கணக்கில் ஒரு வீல் சுமார் 8 கிலோ, அதே அளவு அலுமினிய வீலோ சுமார் 15 கிலோ. போர்ஷே 911 டர்போ எஸ் எக்ஸ்க்ளூசிவ் சீரீஸுக்கு 2017-இல் பின்னல் கார்பன் வீல் வந்தது. நான்கு வீலுக்கும் சேர்த்து 8.5 கிலோ மிச்சம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 2018-இன் ஜிடி3 ஆர்எஸ் காரில் மக்னீசியம் வீல் எடுத்தால் 11.5 கிலோ குறையும். இவை அத்தனையும் கம்பெனி வீல்கள். இவற்றை எடையில் வெல்லும் வெளி வீலைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமம்.

"டிஇ37 இருக்கிறதே" என்று உடனே கேட்பார்கள். ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட அந்த வீலின் பெயரிலுள்ள 37, அதன் எடையான 3.7 கிலோவைக் குறிக்கிறது. உண்மைதான், அது அருமையான வீல். ஆனால் அந்த 3.7 கிலோ 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் கொண்ட அளவுக்கானது. இன்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் கேட்பது 18 அங்குலம், ஒன்பதரை அகலம். அந்த அளவில் அதே டிஇ37 எட்டு கிலோவைத் தாண்டிவிடும். அந்த அளவுக்கு எட்டு கிலோ சிறப்பான எடை, சந்தேகமில்லை. கழற்றிப் போட்ட சிறிய கம்பெனி வீலைவிட அது குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. விளம்பரத்தில் ஒரு வீல் வரிசைக்குச் சொல்லப்படும் எடை பெரும்பாலும் அந்த வரிசையின் ஆகச் சிறிய அளவுக்கானது. வாங்குகிறவர் மாட்டுவதோ ஆகப் பெரியது.

ஃபோர்ஜ்டு என்ற சொல்லும் இப்படித்தான் மயக்குகிறது. அடித்து உருவாக்கிய அலுமினியம் வார்ப்பைவிட வலுவானது. அதனால் குறைந்த உலோகத்தில் அதே வேலையை முடிக்கலாம். முடிக்கலாம் என்பதுதான் பேச்சு, முடித்தே தீருவார்கள் என்பதில்லை. மூன்று துண்டாகச் செய்து போல்ட் போட்டுப் பிணைத்த, ஆழமான உதடு வைத்த ஃபோர்ஜ்டு வீல்கள் பார்க்க அழகு, தூக்கினால் கை இறங்கும். மறுபக்கம், எங்கெய் ஆர்பிஎஃப்1 வார்ப்பு வீல்தான். வார்த்தபின் ரிம் பகுதியைச் சூட்டில் உருட்டி மெலிதாக்குகிறார்கள். 17 அங்குலத்தில் அது ஏறத்தாழ 7 கிலோவில் நிற்கிறது. எடையை முடிவு செய்வது விட்டம், அகலம், செய்த முறை, தாங்க வேண்டிய சுமை ஆகியவை. விற்றவர் யார் என்பது அந்தப் பட்டியலிலேயே வராது.

ஒரு வீலைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். எடையில் கவனம் வைத்துச் செய்த வீலில் ஸ்போக்கின் முதுகுப் பக்கம் தோண்டி எடுக்கப்பட்டு வாய்க்கால் போல ஓடும். நட்டு ஓட்டைகளுக்கு நடுவில் ஹப்பில் உட்காரும் முகத்திலும் குழிகள் இருக்கும். ரிம்மின் உட்சுவர் மெலிந்து, டயர் உட்காரும் ஓரத்தில் மட்டும் தடித்திருக்கும். அக்கறையில்லாமல் செய்த வீலின் முதுகு தட்டையாக, முழுத் தடிமனோடு இருக்கும். முன்பக்கம் இரண்டும் ஒரே சாயலில் பளபளக்கும். புகழ்பெற்ற வடிவத்தைப் பார்த்து வார்க்கும் ரீப்ளிகாக்களில் பலவும் முன்பக்கத்தை மட்டும்தான் நகல் எடுக்கின்றன.

இனி அந்த நான்கு கிலோ, பத்து கிலோ கணக்குக்கு வருவோம். என்னைக் கேட்டால் இதுதான் மொத்தப் பேச்சிலும் அதிகக் கேடு செய்வது, ஏனென்றால் அறிவியல் வேடம் போட்டு வருகிறது. சுழலும் பொருளை வேகமெடுக்கச் செய்ய இரண்டு வேலை ஆக வேண்டும்: முன்னே நகர்த்துவது ஒன்று, சுழற்றுவது இன்னொன்று. அதுவரை சரி. ஒரு வளையத்தின் எடை முழுவதும் தரையைத் தொடும் விளிம்பிலேயே இருந்தாலும், அதைச் சுழற்ற ஆகும் ஆற்றல் நகர்த்த ஆகும் ஆற்றலுக்குச் சமம். ஆக, உச்சபட்சம் இரண்டு மடங்கு. இதற்கு மேல் போக இயற்பியலில் இடமே இல்லை.

வீலோ விளிம்பில் இல்லை, டயருக்கு உள்ளே இருக்கிறது. 225/45 ஆர்17 டயரை எடுத்துக்கொள்வோம். டயரின் ஆரம் சுமார் 317 மில்லிமீட்டர், வீலின் ஆரம் சுமார் 216. விகிதம் 0.68, அதன் வர்க்கம் 0.46. வீலின் வெளி ஓரத்திலேயே ஒரு கிலோவைக் குறைத்தாலும் அது வண்டியின் எடையில் ஒன்றரை கிலோவுக்கும் சற்றுக் குறைவாகவே எண்ணப்படும். ஹப்புக்கு அருகில் குறைத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோவுக்கு ஒரு கிலோதான்.

நிஜமான கார் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ஹோண்டா 2020-இல் சிவிக் டைப் ஆர் லிமிடெட் எடிஷனுக்கு பிபிஎஸ் ஃபோர்ஜ்டு வீல் போட்டது. வழக்கமான 20 அங்குல வீலைவிட நான்கும் சேர்த்து 18 பவுண்டு, அதாவது சுமார் 8 கிலோ குறைவு. 245/30 ஆர்20 டயரோடு மேற்சொன்ன கணக்கைப் போட்டால் அது அதிகபட்சம் 13 கிலோவுக்குச் சமம். வண்டியின் எடை சுமார் 1400 கிலோ. வேகமெடுப்பதில் கிடைக்கும் ஆதாயம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பந்தயப் பாதையில் ஒரு சுற்றில் நொடியின் சிறு பங்குக்குப் போராடுகிறவருக்கு அது பெரிய விஷயம். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி துள்ளிப் பாய்வதாக உணர்கிறவர் உணர்வது புது வீல் வாங்கிய மகிழ்ச்சியை.

மைலேஜுக்கும் இதே பதில். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வீலின் சுழற்சி நிலைமத்துக்கு எரிபொருள் செலவே இல்லை. அங்கே செலவு காற்றுத் தடைக்கும் டயரின் உருளல் தடைக்கும்தான். வீலோடு சேர்த்து டயரையும் அகலமாக்கியவருக்கு மைலேஜ் குறையும்.

எதிர்த்தரப்பில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் டயர் சாலையை விட்டு எழும்பாமல் ஒட்டி ஓடும். டயர், டிஸ்க், காலிபர், ஹப் எல்லாம் சேர்ந்து ஒரு மூலையில் 40 கிலோ இருக்கிறது என்று வைத்தால், அதில் இரண்டு கிலோ குறைவது ஐந்து சதவீதம். மேடுபள்ளமான வளைவில் தேர்ந்த ஓட்டுநர் அதை உணர்வார். 18, 19 அங்குல வார்ப்பு வீலோடு வரும் கார்களும் பல. அவற்றில் ஒரு வீல் 11, 12 கிலோ இருக்கும். அதே அளவில் உருட்டி மெலிதாக்கிய நல்ல வீல் 9 கிலோவில் கிடைக்கிறது. அப்படிப்பட்ட காரில் மாற்றுவதை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் கம்பெனிக்காரர் அந்த இரண்டு கிலோவை ஏன் விட்டு வைத்தார் என்றும் கேட்க வேண்டும். செலவு ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. இன்னொரு காரணம், முழுச் சுமையோடு பள்ளத்தில் விழுந்தாலும், நடைபாதைக் கல்லில் மோதினாலும், வருடக்கணக்கில் உழைத்தாலும் வீல் விரிசல் விடக்கூடாது என்பது. வளைவு அழுத்தம், சுமை உருட்டல், பக்கவாட்டு மோதல் என்று மூன்று வகைச் சோதனைகளில் அது தேற வேண்டும். வெளி வீலில் ஜேடபிள்யூஎல் என்று பொறித்திருப்பதைக் காட்டி ஜப்பான் தரம் என்பார்கள். அந்த ஜப்பானியத் தரத்தின்படி சோதித்து முத்திரை போட்டுக்கொள்வது தயாரிப்பாளரே. விஐஏ முத்திரையும் இருந்தால்தான் வெளி அமைப்பு ஒன்று சோதித்துப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். ரீப்ளிகாவில் முத்திரையையும் சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். நம் சாலைகளில் இரவில், மழையில், நீர் மூடிய பள்ளத்தில் விழுகிற வண்டிக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஒப்பிடுகிறவர் டயரைக் கழற்றி வெறும் வீலை எடை போட வேண்டும். விட்டம், அகலம் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், ரிம்மின் உட்பக்கம் பொறித்திருக்கும் தாங்கும் சுமையையும் பார்க்க வேண்டும். பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசு இதற்குப் போதும். அப்படியே டயரையும் தனியாக எடை போடுங்கள். 225/45 ஆர்17 அளவிலேயே பிராண்டுக்குப் பிராண்டு ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வரும். டயரின் எடையில் பெரும்பகுதி தரையைத் தொடும் ஓரத்தில் இருப்பதால், அங்கே குறையும் ஒரு கிலோ இரண்டு கிலோவை நெருங்குகிறது. தேய்ந்த டயரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம், அப்போது இலகுவானதாகப் பார்த்து எடுத்தால் தனிச் செலவும் கிடையாது.