கால் முளைத்த கதையைத் திருத்திக்கொள்ளுங்கள்



இருவாழ்விகள் பாடத்தில் நான் சொன்ன கதை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குட்டை வற்றியது, மீன் அடுத்த குட்டையைத் தேடித் தரையில் ஊர்ந்தது, ஊர்ந்து ஊர்ந்து துடுப்பு காலானது. கரும்பலகையில் நான்கு படம் போட்டு நடத்துவேன். போன வாரம் பேத்தி அதே கதையை ஒப்பித்தாள். அவளுடைய டீச்சர் என் பழைய மாணவி! அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கதை தவறு.

1987-இல் ஜென்னி கிளாக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரின் குழு, கிழக்கு கிரீன்லாந்துப் பாறைகளில் அக்காந்தோஸ்டெகா என்ற விலங்கின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தது. சுமார் 36 கோடி ஆண்டுகள் பழையவை. இரண்டடி நீளம், நான்கு கால்கள், முன்காலில் எட்டு விரல்கள்! ஆனால் அந்தக் கால்கள் உடல் எடையைத் தரையில் தாங்கக்கூடியவை அல்ல. மீனுக்கு இருப்பது போலச் செவுள் இருந்தது. வாலில் அகலமான துடுப்பு இருந்தது. ஆக, அது தண்ணீரிலேயே வாழ்ந்த பிராணி. செடி அடர்ந்த ஆழமில்லாத நீரில் உந்தி நகரக் கால்கள் உதவியிருக்கும் என்கிறார்கள். நீரில் உண்டான கால், பின்னால்தான் நிலத்துக்குப் பயன்பட்டது.

"பாதி வழியில் நின்றுபோன உயிர்" என்று இருவாழ்விகளைச் சொன்னேனே, அதுவும் தவறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கிடைத்த கூலாசுக்கஸ் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், ஆற்றில் வேட்டையாடிய பெரிய இருவாழ்வி. அந்தப் பகுதி அப்போது தென்துருவத்தை ஒட்டி இருந்தது. முதலைகளுக்கு ஒத்துவராத குளிரில் அது பிழைத்திருந்தது என்று கருதுகிறார்கள்.

"பிள்ளைகளுக்குக் கதை எளிமையாக இருந்தால் போதாதா சார்?" என்று கேட்பீர்கள். போதாது. "தேவைப்பட்டது, அதனால் முளைத்தது" என்று சின்ன வயதில் பதிந்துவிட்டால், பிளஸ் டூவில் இயற்கைத் தேர்வு மண்டையில் ஏறாது. உண்மைக் கதையும் எளிமைதான், சுவையும் கூட.

எட்டு விரல் செய்தி 1990-இலேயே வெளிவந்துவிட்டது. நான் ஓய்வு பெற்றது 2009-இல். பத்தொன்பது வருடம் பழைய படத்தையே போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாமல் இருந்தது குற்றமில்லை. தேடிப் பார்க்காமல் இருந்தது என் குற்றம். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் நாளைக்கே வகுப்பில் திருத்திச் சொல்லுங்கள். "எங்க சார் தப்பா சொல்லிட்டார்" என்றே சொல்லுங்கள். எனக்கு வருத்தமில்லை, பெருமைதான்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்