‘காசு கொடுத்தாச்சே’ என்றொரு வியாதி

1/
பள்ளிக்கூட லீவு விட்டாச்சு. இனி மே மாசம் முழுக்க சென்னையைச் சுற்றி ஈசிஆர், ஓஎம்ஆர், ஜிஎஸ்டி ரோடு பக்கம் இருக்கிற தீம் பார்க்குகளுக்குக் குடும்பம் குடும்பமா கிளம்புவோம். போங்க. வேண்டாம்னு சொல்ல வரல. பிள்ளைங்களுக்கு வருஷத்துல ஒரு நாள் கிடைக்கிற சந்தோஷம் அது.

ஆனா கோடையில கேஷுவாலிட்டியில உட்கார்ந்திருக்கிற அரசு மருத்துவர் என்ற முறையில் சில விஷயங்களைக் கொஞ்சம் காட்டமாகவே சொல்ல வேண்டியிருக்கு. நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

2/
வெயிலில் சுருண்டு வருபவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "தலை சுத்துதுன்னு தெரிஞ்சப்பவே ஏன் கிளம்பல?"

வழக்கமாக வரும் பதில்: "தலைக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்தாச்சே டாக்டர். பாதி ரைடு கூட போகல."

எனக்குப் புரியுது. நாலு பேர் டிக்கெட், வேன் வாடகை, சாப்பாடுன்னு ஒரு குடும்பத்தோட பல மாத சேமிப்பு அது. ஆனா அந்தக் காசு காலையில கவுன்ட்டர்லயே செலவாயிடுச்சு. மதியம் ரெண்டு மணிக்கு வெயிலில் நின்னாலும் திரும்ப வராது, நிழலில் உட்கார்ந்தாலும் திரும்ப வராது. அந்த நேரத்துல உங்க கையில மிச்சம் இருப்பது காசு இல்ல, உடம்பு மட்டும்தான்.

3/
சரி, ஏன் இவ்வளவு பதறணும்? "சென்னையில என்ன, 36 டிகிரிதானே. வேலூர்ல 42 அடிக்குது"ன்னு கேட்பீங்க.

மழைக்காலத்துல கொடியில போட்ட துணி ஏன் காயறதில்ல? காத்துல ஏற்கெனவே ஈரம் இருக்கு, அதனால. உங்க வியர்வைக்கும் அதே கதைதான். வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை ஆவியாகப் பறந்தால்தான் குளிரும். கடலோரத்தில் அது பறக்காமல் சொட்டுச் சொட்டாக வழியுது. தண்ணியும் உப்பும் போகுது, சூடு மட்டும் உள்ளேயே தங்கிடுது.

4/
34 டிகிரி வெயில், 70 சதவீதம் ஈரப்பதம். இந்தக் கணக்கில் உடம்புக்குத் தெரியும் சூடு 45 டிகிரிக்கு மேல். அதுவும் நிழலில் இருப்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நின்றால் இன்னும் பல டிகிரி கூடும்.

மதியம் கடல்காத்து வந்ததும் "அப்பாடா, இறங்கிடுச்சு"ன்னு நினைப்போம். தெர்மாமீட்டரில் இறங்கும், ஆனா காத்துல ஈரம் ஏறிடும். அதனால செல்போனில் வெயில் அளவை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பாதீங்க. பக்கத்துலயே ஈரப்பதமும் போட்டிருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

5/
நம்ப முடியலையா? 2024 அக்டோபர் 6, மெரினா விமான சாகச நிகழ்ச்சியை நினைச்சுப் பாருங்க. காலை 11 மணி முதல் மதியம் 1 மணி வரை. மே மாசம் இல்ல, அக்னி நட்சத்திரம் இல்ல. 42 டிகிரியும் இல்ல.

ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலின் தாக்கம்தான் காரணம் என்று அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் சொன்னார். சந்தோஷமா வேடிக்கை பார்க்கப் போனவங்க அவங்க. ஈரக் காற்று, நிழல் இல்லாத இடம், நகர முடியாத கூட்டம், தொண்டைக்குத் தண்ணி இல்ல. மே மாசத்துல ஒரு தீம் பார்க் க்யூவை இந்தப் பட்டியலோட ஒப்பிட்டுப் பாருங்க.

6/
அடுத்து கமென்ட்டில் வரப்போவது: "நாங்கள்லாம் சின்ன வயசுல வெயில்லயே கிடந்தோம். இப்ப பிள்ளைங்க சொகுசா வளருது."

உங்க உடம்பு வெயிலுக்குப் பழகியிருந்துச்சு. பழகுவதற்கு ஒரு வாரத்திலிருந்து ரெண்டு வாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வெயிலில் இருக்கணும். வகுப்பறை, ட்யூஷன், ஏசி அறைன்னு பத்து மாசம் இருந்த பிள்ளையை ஒரே நாளில் ஆறு மணி நேரம் வெயிலில் விட்டா அது பழக்கம் இல்ல, பரிசோதனை. இன்னொண்ணு, நீங்க வெயிலில் ஆடினப்போ மரத்தடியும் கிணத்தடியும் பத்தடி தூரத்துல இருந்துச்சு. க்யூ கம்பிக்குள்ள நிக்கிற பிள்ளைக்கு அது இல்ல.

7/
"தண்ணியிலதானே டாக்டர் ஆடறாங்க, அதெப்படி சூடு பிடிக்கும்?"

பெரிய ஏமாத்து வேலையே இங்கதான். தண்ணிக்குள்ள இருக்கும்போது தோல் சில்லுன்னு இருக்கும், அதனால தாகம் தெரியாது. வியர்ப்பதும் தெரியாது. தலையும் தோள்பட்டையும் மட்டும் வெயிலில் வெந்துகிட்டிருக்கும். ஒரு ரைடுக்கும் அடுத்த ரைடுக்கும் நடுவுல சூடான சிமென்ட் தரையில் அரை மணி நேரம் நிப்பீங்க. சாயங்காலம் பார்த்தா பிள்ளை காலையிலிருந்து ஒரே ஒரு தடவைதான் சிறுநீர் போயிருக்கும். தண்ணியில ஆடினாலும் தண்ணி குடிக்கணும்.

8/
இப்ப பார்க் நடத்தறவங்ககிட்ட வர்றேன். உடம்பைப் பார்த்துக்கோங்கன்னு மக்களுக்கு மட்டும் பாடம் நடத்துறது நியாயம் இல்ல.

பெரும்பாலான பார்க்குகள் காலை பத்து, பதினொண்ணுக்குத் திறந்து சாயங்காலம் ஆறு, ஏழுக்கு மூடுறாங்க. வெயிலில் அலையாதீங்கன்னு நாங்க தொண்டை கிழியச் சொல்ற 11 மணியிலிருந்து 3 மணி வரையான நேரம்தான் இவங்களுக்கு முக்கிய வியாபார நேரம். ஏப்ரல், மே ரெண்டு மாசமாவது மதியம் மூணு மணியிலிருந்து இரவு பத்து வரைன்னு மாத்தினா என்ன குறைஞ்சிடும்? ஊருக்கு ஊர் பொருட்காட்சியும் திருவிழாவும் ராத்திரியில்தான் களைகட்டுது. நம்ம ஊர் வெயிலுக்கு நம்ம முன்னோர் கண்டுபிடிச்ச நேரம் அது.

9/
அடுத்தது வாசல். பையைத் திறந்து சோதனை. தண்ணி பாட்டிலை வெளியே வைக்கச் சொல்ற இடங்கள் உண்டு. உள்ளே போனா அதே தண்ணிக்குத் தனி விலை.

2023 ஜனவரியில் சினிமா தியேட்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஞாபகப்படுத்தறேன். வெளி உணவைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும். ஏசி ஹாலில் மூணு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கே அந்தத் தண்ணி தேவைன்னா, வெட்ட வெளியில் ஏழு மணி நேரம் நிக்கிற குழந்தைக்கு எவ்வளவு தேவை?

அமெரிக்காவின் ஃபுளோரிடாவும் நம்மூர் மாதிரி புழுங்குற இடம்தான். அங்க இருக்கிற டிஸ்னி வேர்ல்டில் வீட்டிலிருந்து தண்ணியும் சாப்பாடும் கொண்டு போகலாம். உள்ளே உணவு கவுன்ட்டர்களில் ஐஸ் தண்ணி ஒரு கப் கேட்டா இலவசமா தருவாங்க. லாபம் பார்க்கத் தெரியாதவங்களா அவங்க?

10/
பெண்கள் விஷயத்தைத் தனியா சொல்லணும். பார்க்கில் டாய்லெட் நனைஞ்சு நாறும், ஈர உடையோட மாத்திக்கிறது கஷ்டம்னு காலையிலிருந்தே தண்ணி குடிக்காம இருக்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! பிள்ளைக்கு ஜூஸ், வீட்டுக்காரருக்கு சோடா, தனக்கு ஒண்ணுமில்ல. மயக்கத்தில் தொடங்கி ரெண்டு நாள் கழிச்சு நீர்க்கடுப்பில் முடியும். இதுக்கு அந்த அம்மாவைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. சுத்தமான கழிப்பறை இருந்தா அவங்களும் குடிப்பாங்க.

11/
யாருக்கு அதிக கவனம் வேணும்?

கைக்குழந்தைகள். தள்ளுவண்டியில் படுக்கவெச்சு வெயில் படாம துணி மூடறோம். உள்ளே காத்து நின்னு அது அடுப்பாகிடும். மூடாதீங்க.

அறுபது தாண்டியவர்கள். வயசாக ஆகத் தாகமே குறைவாத்தான் தெரியும். கேட்டா "வேணாம்பா"ன்னு சொல்வாங்க. கேட்காம கொடுங்க.

பிபி, இதய நோய், மனநல மாத்திரை எடுப்பவர்கள். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளும், சர்க்கரைக்கு இப்ப பரவலா கொடுக்கிற டாபாகிளிஃப்ளோசின் வகையும் சிறுநீரை அதிகமாக்கும். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. போறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. இன்சுலினை கார் டேஷ்போர்டில் வைக்காதீங்க.

காருக்குள் யாரையும் விட்டுட்டுப் போகாதீங்க. தூங்குற குழந்தையை அஞ்சு நிமிஷம்கூட. வெளியே 35 டிகிரின்னா, மூடின காருக்குள்ள அரை மணி நேரத்தில் 50ஐத் தாண்டிடும்.

12/
என்ன குடிக்கலாம்? தண்ணி, உப்பு போட்ட மோர், நீராகாரம், இளநீர், ஓஆர்எஸ். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா சரி, அடர் மஞ்சள்னா பத்தல. சிறுநீரகம், இதயம் பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும் தண்ணிக்கும் இளநீருக்கும் அளவு உண்டு. அவங்க டாக்டர் சொன்னபடி குடிக்கணும்.

ஓஆர்எஸ்ல ஒரு விஷயம் கவனிங்க. 21 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில் மொத்தமா கரைக்கணும். டம்ளருக்குக் கொஞ்சம்னு கிள்ளிப் போடக் கூடாது. அட்டை டப்பாவில் வர்ற சர்க்கரைத் தண்ணியெல்லாம் ஓஆர்எஸ் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரையே போடக் கூடாதுன்னு 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. பாக்கெட் கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. முடிஞ்சுது.

பீர் இதில் சேராது. அது உள்ளே இருக்கிற தண்ணியையும் வெளியே தள்ளும்.

13/
உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை: தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு, தலைசுற்றல், பிள்ளை காரணமில்லாம சிணுங்குறது, சத்தமா ஆடினவன் திடீர்னு அமைதியாகறது. இதில் ஒண்ணு வந்தாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. நிழல், ஃபேன், தண்ணி, ஓய்வு. "இன்னும் ஒரே ஒரு ரைடு" கிடையாது.

பேச்சு குழறுது, சம்பந்தமில்லாம பேசறார், தள்ளாடறார், வலிப்பு, நினைவில்லை, உடம்பு நெருப்பா கொதிக்குது. இது ஹீட் ஸ்ட்ரோக். உயிர் போகும் அவசரம். "வியர்வை நின்னாத்தான் ஹீட் ஸ்ட்ரோக்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஓடியாடி வர்ற ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்த்துக் கொட்டிக்கிட்டே ஆள் விழுவார்.

14/
அப்போ என்ன செய்யணும்? 108ஐக் கூப்பிடுங்க. வண்டி வர்ற வரை சும்மா நிக்காதீங்க. முதலில் குளிர வைக்கணும், அப்புறம்தான் ஏத்தணும்.

நிழலுக்குத் தூக்குங்க. உடையைத் தளர்த்துங்க. ஷவரோ ஹோஸோ குடமோ, கிடைக்கிறதால உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்திக்கிட்டே விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைங்க. குளத்துக்குள்ள இறக்காதீங்க, நினைவில்லாதவர் மூழ்கிடுவார். வாந்தி, வலிப்புன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.

நினைவு தெளிவா இல்லாதவர் வாயில் சோடாவோ தண்ணியோ ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போகும். பாராசிட்டமால் கொடுக்காதீங்க. இது காய்ச்சல் இல்ல. அந்த மாத்திரைக்கு இங்க வேலையே கிடையாது.

15/
போறவங்களுக்கு என் கணக்கு இதுதான். திறந்ததும் முதல் ஆளா உள்ளே போங்க. வெயிலில் இருக்கிற ரைடுகளை பன்னிரண்டுக்குள்ள முடிங்க. பன்னிரண்டிலிருந்து மூணரை வரை கூரைக்குக் கீழே சாப்பாடு, தூக்கம், உள்ளரங்க விளையாட்டு. அப்புறம் மறுபடி வெளியே. பருத்தித் துணி, தொப்பி. பெரியவர்களில் ஒருத்தர் அன்னைக்கு ஆடாம எல்லாரையும் கவனிக்கட்டும், முறை வெச்சு மாத்திக்கலாம். நாலு ரைடு குறையும். குறையட்டும்.

16/
இன்னொருத்தரை மறந்துடறோம். கரடி வேஷம், முயல் வேஷம் போட்டுக்கிட்டு உங்க பிள்ளையோட செல்ஃபிக்கு நிக்கிற பையன். அந்தப் பஞ்சு உடைக்குள்ள வியர்வை பறக்க வழியே இல்ல. ரைடு வாசலில் பெல்ட் மாட்டிவிடற பெண், பார்க்கிங்கில் விசில் ஊதற பெரியவர். நீங்க ஒரு நாள் நிக்கிற வெயிலில் அவங்க சீசன் முழுக்க நிக்கறாங்க. அவங்களுக்கு நிழலும் தண்ணியும் இடைவேளையும் கொடுக்காத நிர்வாகம் உங்க பிள்ளைக்கு மட்டும் கொடுத்துடுமா?

17/
தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சிருக்கு. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல முடிவு. ஆனா பேரிடர்னு சொன்ன பிறகு, அந்தப் பேரிடர் நேரத்துல ஆயிரக்கணக்கான பேரை வெட்ட வெளியில் நிறுத்தி வியாபாரம் செய்ய எந்த நிபந்தனையும் வேண்டாமா?

நான் கேட்பது அஞ்சே விஷயம். ஏப்ரல், மேயில் மாலை நேர டிக்கெட். எல்லா க்யூவுக்கும் கூரை. இலவசக் குடிநீரும் ஓஆர்எஸ்ஸும். ஐஸும் ஆளும் இருக்கிற முதலுதவி அறை. உடம்பு முடியாம பாதியில் கிளம்புறவங்களுக்கு இன்னொரு நாள் வர அனுமதி. இந்தக் கடைசி ஒண்ணு இருந்தாலே ‘காசு கொடுத்தாச்சே’ வியாதி பாதி குணமாகிடும்.

18/
டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி பார்க்குக்கு போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க. தண்ணி இலவசமா? க்யூவில் நிழல் இருக்கா? முதலுதவி அறை எங்க? ஒருத்தர் கேட்டா போனை வெச்சிடுவாங்க. நூறு பேர் கேட்டா கூரை போடுவாங்க.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. முக்கியமா, வேன் புக் பண்ணுற சித்தப்பாவுக்கு.