தோள் கொடுப்போம்

தென்பாண்டிச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றியவனே வீரன் எனப் போற்றப்பட்டான். ஆதலின் பளுதூக்கும் கலை நமக்குப் புதிதன்று.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 77 கிலோ எடைப் பிரிவில், இருவகைத் தூக்கலிலும் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட்டில் தொடை வலியோடு 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் பெற்றார். பளு 11 கிலோ குறைவே. எனினும் இவ்விரண்டாம் வெற்றியையே நாம் பெரிதெனக் கருதுகிறோம். காயமுற்றவர் மீண்டும் மேடையேற உடல்வலிமை மட்டும் போதாது. இடையறாப் பயிற்சியும் உடனிருப்போர் துணையும் வேண்டும்.

திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு மலையடிவாரத்து இளைஞர்க்கும் வேண்டுவன இவையே: நல்ல பயிற்றுநர், முறையான பயிற்சிக்கூடம், காயமுற்ற நாளில் கைவிடாத கல்லூரி. வென்றபின் மாலையிடுவது எளிது. வெல்லுமுன் தோள்கொடுப்பதே நம் கடமை.