தொண்டையில் நிற்கும் உருண்டை

காணி இழந்து வெலிமடைப் பக்கம் குடிவந்த தாய்மார் சிலர், தொண்டையில் ஏதோ உருண்டை அடைக்கிறதென்று எம்மிடம் சொல்கின்றனர். "கவலைதான்" என்று அனுப்பிவிடுவதை நாம் ஏற்கமாட்டோம். கவலையாலும் நெஞ்செரிப்பாலும் அப்படித் தோன்றுவது மெய்யே. எச்சில் விழுங்கும்போது தெரியும், சோறு உண்கையில் மறையும். ஆனால் மலைநாட்டில் கண்டக்கழலை புதிதல்ல. அதற்காகவே 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. (அந்த உப்பையும் அடுப்போரம் திறந்து வைக்கிறோம், சூட்டில் அயடீன் போய்விடும்.) அயடீன் கிடைத்தாலும் தைரொயிட்டுக் கோளாறு வரலாம், பெண்களுக்கே அதிகம். கண்ணாடி முன் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். கழுத்தில் வீக்கம் ஏறி இறங்கினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். உணவு இறங்காவிட்டால், குரல் கம்மினால், உடல் மெலிந்தால் தாமதிக்கலாகாது. ஒருநாள் கூலி போகும்தான். அன்று பிள்ளைகளைத் தகப்பன்மார் பார்க்கட்டும்.