கோட்டிங் போட்டால் மட்டும் போதுமா?

எங்கள் வீடு கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறது. பௌர்ணமி முடிந்த மறுநாள் வாசலில் நிற்கும் காரின் மேல் விரலாலேயே கோலம் போடலாம், அவ்வளவு புழுதி! என்னவர் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். பெயிண்ட் மங்குகிறதே என்று போன வருஷம் செராமிக் கோட்டிங் போட்டார். பணம், நான் கட்டி வந்த ஏலச்சீட்டுப் பணம். "இனி மூணு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்களாம்.

கவலை வேண்டாம் என்றால் கவனிப்பும் வேண்டாம் என்றா அர்த்தம்? எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. காரைக் கழுவுவது நான்தானே! பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய வேட்டித் துணி, உப்பு போர் தண்ணீர், உச்சி வெயில். பூஜை போட்ட சந்தனம் காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டுவேன். ஆறே மாதத்தில் பானட் முழுக்கக் கீறல், வெள்ளை வெள்ளையாய்த் திட்டு. எனக்கும் கிடைத்தது திட்டு!

சென்னையில் கார் வேலை பார்க்கும் என் தம்பி வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தக் கோட்டிங் பெயிண்டின் மேல் ஒட்டி இறுகும், கண்ணாடி மாதிரியான மெல்லிய படலம். அழுக்கு ஒட்டாமல் தடுக்கும். மண்ணோடு சேர்த்துத் தேய்த்தால் அதிலும் கீறல் விழும். கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்தால் கோட்டிங்கும் கூடவே போய்விடும், மறுபடி செலவுதான். உப்புத் தண்ணீர் காய்ந்தால் அதிலுள்ள சுண்ணாம்பு படிந்துவிடும். பறவை எச்சத்தை அன்றைக்கே ஊற வைத்துத் துடைத்துவிட வேண்டும்.

இப்போது விடிகாலையில், வண்டி சூடாகும் முன்பே கழுவுகிறேன். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குகிறேன். கார் ஷாம்பு ஒரு வாளியில், துணி அலச இன்னொரு வாளி. மேலிருந்து கீழாகத் துடைத்து, சக்கரத்துக்குத் தனித் துணி. தண்ணீர் காயும் முன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுகிறேன். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் படர்ந்து நின்றால் கோட்டிங் போய்விட்டது என்று பதற வேண்டாமாம். அழுக்கு மூடியிருந்தாலும் அப்படித்தான் இருக்குமாம்.

ஆயிரக்கணக்கில் வாங்கும் கடைக்காரர்கள் இதைத் தமிழில் நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால் என்ன? சாவியை வாங்கிக்கொள்பவர் ஒருவர், வாளியைத் தூக்குபவள் வேறொருத்தி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நம் வீட்டு ஆண்களாவது கேட்டு வந்து சொல்லலாம்.

சந்தனம், குங்குமத்தை இப்போது கண்ணாடியில்தான் வைக்கிறேன். மாமியாருக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை!

— ஒரு வாசகி, அடி அண்ணாமலை