சுர்க்கி திரும்புகிறது

வாளையாறு என்றாலே லாரி டிரைவர்களுக்கு ஒரு காலத்தில் காத்திருப்பு என்றுதான் அர்த்தம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சாவடிகள் மூடப்படும்வரை மைல் கணக்கில் நின்ற அந்த வரிசையில் பாதி லாரிகள் எதை ஏற்றி நின்றன என்று கேட்டால், கோழி, காய்கறி என்போம். சிமெண்ட்டை மறந்துவிடுவோம். கேரளம் வீடு கட்டிக்கொண்டே இருக்கும் மாநிலம். அதற்கான சிமெண்ட்டில் பெரும்பகுதி தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து மலையேறிப் போகிறது. ஜல்லியும் எம்-சாண்டும்கூட இப்போது அதே பாதையில்தான். பாலக்காட்டுக்கு வாளையாறு, கோபாலபுரம்; இடுக்கிக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. ஆற்று மணல் அள்ளுவதற்குக் கேரளம் 2001இல் சட்டம் போட்டுக் கடிவாளம் கட்டிய பிறகு பாரதப்புழை மணலின் காலம் முடிந்து, கருங்கல்லை உடைத்து அரைத்த தூளின் காலம் ஆரம்பித்தது.

இத்தனைக்கும் வாளையாற்றிலேயே ஒரு சிமெண்ட் ஆலை இருக்கிறது. கேரள அரசின் மலபார் சிமெண்ட்ஸ் 1978இல் பதிவாகி, 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 4.2 லட்சம் டன் திறன். பிற்பாடு சேர்த்தலையில் 2 லட்சம் டன் அரைக்கும் ஒரு பிரிவும் சேர்ந்தது. சுண்ணாம்புக்கல்லில் தொடங்கிச் சாம்பல் நிற சிமெண்ட் மூட்டைவரை எல்லாவற்றையும் செய்கிற பெரிய ஆலை கேரளத்தில் இது ஒன்றுதான். ஆனாலும் மாநிலத்தின் தேவையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட முடியவில்லை.

காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் ஓரமாகப் பழம்பாறைகளுக்கு நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் பட்டை ஓடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் மதுக்கரையில் 1934இல் சிமெண்ட் ஆலை வந்தது அதை நம்பித்தான். அந்தப் பக்கம் அதே பட்டையின் நீட்சி பண்டாரத்து மலையில் தெரிகிறது. மலபார் சிமெண்ட்ஸின் சுரங்கம் அங்கே. ஆனால் அது காட்டுக்குள் இருக்கிறது, யானை நடமாடும் காடு. வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ள முடியாது, முடியவும் கூடாது. நல்ல சுண்ணாம்புக்கல்லைப் பொறுத்தவரை கேரளம் ஏழை. கோட்டயத்தில் 1946இல் தொடங்கிய திருவிதாங்கூர் சிமெண்ட்ஸ், வேம்பநாட்டுக் காயலின் அடியிலிருந்து சிப்பி ஓட்டை வாரித்தான் சிமெண்ட் செய்ய வேண்டியிருந்தது.

சிமெண்ட் தயாரிப்பின் சூட்சுமம் எளிமையானது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சுட்டால் கோலிக்குண்டு போன்ற கட்டிகள் வரும். அதற்குக் கிளிங்கர் என்று பெயர். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். வம்பு என்னவென்றால், சுண்ணாம்புக்கல் சூட்டில் உடையும்போது தன் வயிற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கக்குகிறது. எரிபொருளின் புகை தனிக் கணக்கு. சூளையைச் சூரிய சக்தியால் சூடாக்கினாலும் ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் அரை டன் வாயு கல்லிலிருந்தே வந்து தீரும். உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழு, எட்டு சதவிகிதம் சிமெண்ட் தொழிலுடையது என்கிறார்கள். உலகின் இரண்டாவது பெரிய சிமெண்ட் உற்பத்தியாளரான இந்தியா இதைப் பிறத்தியார் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

ஆகவே கிளிங்கரைக் குறை என்பதுதான் கொஞ்ச காலமாக இந்தத் தொழிலின் மந்திரம். அனல் மின்நிலையச் சாம்பலை 15 முதல் 35 சதவிகிதம் வரை கலந்தால் பி.பி.சி. உருக்காலைக் கசடைக் கலந்தால் பி.எஸ்.சி. இன்று நாம் வாங்கும் மூட்டைகளில் பெரும்பகுதி இப்படிக் கலந்ததுதான். ஆனால் கேரளத்தில் நிலக்கரி மின்நிலையமே கிடையாது. சாம்பலும் எல்லை தாண்டித்தான் வர வேண்டும். கல் இல்லை, சாம்பல் இல்லை. அப்புறம் என்னதான் இருக்கிறது?

மண் இருக்கிறது. அந்தக் கதைக்கு இடுக்கிக்குப் போக வேண்டும்.

முல்லைப் பெரியாறு அணையை ஜான் பென்னிகுயிக் 1887இல் தொடங்கி 1895இல் முடித்தபோது இந்தியாவில் சிமெண்ட் ஆலையே கிடையாது. சென்னையில் 1904இல் செய்த முயற்சி தோற்றது. போர்பந்தரில் 1914இல்தான் உற்பத்தி நிலைத்தது. ஆகவே பென்னிகுயிக்கின் ஆட்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுண்ணாம்பை மலைமேல் ஏற்றினார்கள். அதோடு சுட்ட களிமண்ணை இடித்துச் சலித்த தூளைக் கலந்தார்கள். அந்தத் தூள்தான் சுர்க்கி. வெளி முகங்கள் கருங்கல் கட்டு, வயிற்றுக்குள் சுண்ணாம்பு-சுர்க்கி கான்கிரீட். 176 அடி உயரத்தில், மலேரியாக் காட்டில், அடித்துக்கொண்டு போகும் வெள்ளத்துக்கு நடுவே எழுந்த சுவர் அது.

வெறும் சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இறுகாது. அதற்குக் காற்று வேண்டும். சுட்ட களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்தால் நீருக்குள்ளும் கெட்டிப்படும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததை நம் கொத்தனார்கள் செங்கல் தூளை வைத்துச் செய்தார்கள். பக்குவம் மட்டும் தப்பக் கூடாது. மண்ணைக் குறைவாகச் சுட்டால் வெறும் மண். அதிகமாகச் சுட்டால் செத்த தூள், சுண்ணாம்போடு சேராது. முறுகிய செங்கல்லை இடித்துச் சுர்க்கி என்று விற்ற ஆட்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

கேரளத்தில் 'சுர்க்கி' என்ற சொல் இன்று பயத்தின் மறுபெயர். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வியில் மச்சு அணை உடைந்து ஊரே அழிந்த பிறகு, பெரியாற்றின் கீழே இருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. அதில் நியாயம் இல்லை என்று மதுரையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். வண்டிப்பெரியாற்றில் உட்கார்ந்து சொல்ல முடியாது. சேராமல் மிஞ்சிய சுண்ணாம்பு கசிவு நீரில் கரைந்து வெளியேறும் என்பதும் உண்மை. கேரளத்தின் வாதத்தில் அறிவியல் இருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயங்களை அந்த வாதம் சௌகரியமாக விட்டுவிடுகிறது. மோர்வி அணை கிழடல்ல, 1972இல் முடிந்தது. அதை உடைத்தது வயது அல்ல, மதகுகள் தாங்காத வெள்ளம். இரண்டாவது, பெரியாறு அணை இப்போது வெறும் சுர்க்கி அணையும் அல்ல. 1979 நவம்பரில் மத்திய நீர் ஆணையம் வந்து பார்த்து, நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கச் சொல்லி, வைத்தியமும் எழுதிக் கொடுத்தது. அதன்படி எண்பதுகளில் தமிழகப் பொதுப்பணித் துறை அணையின் தலைமேல் சுமார் 12,000 டன் எடையில் கான்கிரீட் தொப்பி போட்டது. உச்சியிலிருந்து துளையிட்டு எஃகு வடங்களை இறக்கி அடிப்பாறையோடு இழுத்துக் கட்டியது. பின்புறம் சுமார் 10 மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் முட்டுக் கொடுத்தது. எடையால் நிற்கும் அணைக்கு எடையே மருந்து. பழைய சுண்ணாம்புச் சுவரும் புதிய சிமெண்ட் முட்டும் ஒரே உடம்பாக வேலை செய்கின்றனவா என்பதுதான் பொறியாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கருவி வைத்து, கசிவை அளந்து, வருஷா வருஷம் கேட்க வேண்டும். மேடையில் கேட்டால் பதில் வராது.

உச்ச நீதிமன்றம் 2006இல் 142 அடி என்றது. கேரளம் சட்டம் திருத்தித் தடுத்தது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து அணை பாதுகாப்பானது என்றது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாதாக்கியது. அதே நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. பக்கத்துச் சிற்றணையைப் பலப்படுத்தும் வேலை மட்டும் 15 மரங்களுக்காக நின்றது. 2021 நவம்பரில் வெட்ட அனுமதித்த கேரளம் சில நாளில் அதை வாபஸ் வாங்கியது. 2024 டிசம்பரில் பராமரிப்புக்கு எம்-சாண்ட் ஏற்றிப்போன தமிழக லாரிகள் வள்ளக்கடவுச் சாவடியில் நின்றன. நிபந்தனைகளோடுதான் அப்புறம் வழி கிடைத்தது. அணை பலவீனம் என்று அஞ்சுபவர்கள் அதைப் பூசப் போகும் மணலைத் தடுப்பது எனக்குப் புரியவில்லை. அதற்கும் ஏதாவது சட்ட நுணுக்கம் இருக்கும்.

அதே பெரியாற்றில் கீழே குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே இடுக்கி அணை. 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி திறந்துவைத்தது. 169 மீட்டர் உயரம். இதன் தத்துவமே வேறு. பெரியாறு அணை தன் எடையால் தண்ணீரை எதிர்க்கிறது. இடுக்கி அணை வில்லாக வளைந்து, தண்ணீரின் தள்ளலை இரண்டு மலைகளின் தோளில் ஏற்றிவிடுகிறது. அதனால்தான் மெல்லிசாக இருக்க முடிகிறது. அதைவிடக் குட்டையான செறுதோணி அணைக்குப் பன்மடங்கு கான்கிரீட் ஆயிற்று. நல்ல வடிவமைப்பைவிடச் சிக்கனமான சிமெண்ட் கிடையாது.

இப்போது சுர்க்கிக்கு வருவோம். அது சோதனைச்சாலை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது, வேறு பெயரில். எல்.சி.-3 என்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் சேர்ந்த சிமெண்ட். சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனரும், கியூபாவில் பெர்னாண்டோ மார்ட்டிரேனாவும், டெல்லி, சென்னை ஐ.ஐ.டி.களின் ஆராய்ச்சியாளர்களும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் செய்த வேலை இது. பாதி கிளிங்கர், 30 சதவிகிதம் சுட்ட களிமண், 15 சதவிகிதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மிச்சம் ஜிப்சம். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். கல்லில் ஒளிந்திருக்கும் வாயுவும் வராது. கரியமில வாயு 30, 40 சதவிகிதம் குறைகிறது. களிமண்ணின் அலுமினா, சுண்ணாம்புத் தூளோடு சேர்ந்து கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் உப்புக் காற்று எளிதில் உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்க முடியாது. கடலோரத்தில் வீடு கட்டி, பத்தே வருஷத்தில் கூரைக் காரை உதிர்ந்து கம்பி பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சுர்க்கியும் இதுவும் ஒன்றே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதில் சிமெண்ட்டே கிடையாது. இதில் பாதி கிளிங்கர். அதில் சூளைக்காரரின் கண்தான் வெப்பமானி. அடிப்படை வேதியியல் மட்டும் பழசு. பெரியாறு அணை பத்திரம் என்பதற்கு இது சாட்சியும் அல்ல.

இந்திய தர நிர்ணய அமைப்பு 2023இல் இதற்கென்று ஐ.எஸ். 18189 என்ற தர விதியை வெளியிட்டுவிட்டது. இதற்கு வேண்டிய களிமண் பீங்கான் செய்யும் அளவுக்குச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. கயோலின் 40 சதவிகிதம் இருந்தால் போதும். கேரளத்தில் குண்டறையிலும் திருவனந்தபுரத்துத் தோன்னக்கல்லிலும் கண்ணூர்ப் பக்கமும் வெள்ளைக் களிமண் வெட்டிக் காகிதத்துக்கும் பெயிண்டுக்கும் அனுப்பிய நாள்கள் உண்டு. நல்லதை எடுத்துக்கொண்டு மட்டம் என்று ஒதுக்கிய மண்தான் இதற்குப் பொருத்தம். குறைந்த கல்லில் முழு சிமெண்ட் செய்யலாம் என்றால், பண்டாரத்து மலையின் ஆயுளும் நீளும். வாளையாறு ஆலை இதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பொதுத்துறை ஆலைகள் எதையாவது முதலில் பிடித்துக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் கேரள அரசுக்கு இதைவிடச் சொந்தமான தொழில்நுட்பம் கிடைக்காது. களிமண்ணுக்காக வயலைத் தோண்டிக் குளமாக்கிவிடக் கூடாது என்ற நிபந்தனையை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மணலில் பட்டது போதும்.

தடை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை, நிறத்திலும் இருக்கிறது. மண்ணில் இரும்பு இருந்தால் இந்த சிமெண்ட் செம்மை தட்டும். சிமெண்ட் என்றால் சாம்பல் நிறம் என்று நம்பும் வாடிக்கையாளர், செங்கல் பொடி கலந்துவிட்டார்கள் என்பார். அவர் சொல்வது ஒரு விதத்தில் சரியும்கூட! நிறத்தை மாற்றச் சூளையில் காற்றைக் குறைத்துச் சுடும் உத்தி இருக்கிறது. கலவை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்பது இன்னொரு குறை. கொத்தனார் உடனே ஒரு வாளித் தண்ணீரைச் சேர்ப்பார். அந்த ஒரு வாளியில் ஐ.ஐ.டி.யின் பத்து வருஷ வேலையும் கரைந்துபோகும். தண்ணீருக்குப் பதில் அதற்கென்று உள்ள ரசாயனத்தைச் சேர்க்க வேண்டும்.

2025 செப்டம்பரில் சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. வீடு கட்டுபவர்கள் அந்த மிச்சத்தை வைத்து 53 கிரேடு வாங்கிவிடத் துடிக்கிறார்கள். சாதாரண வீட்டுக்கு அது வேண்டியதில்லை. சீக்கிரம் இறுகும், சூடும் அதிகம். கவனிக்காவிட்டால் வெடிப்பு விடும். சாம்பலோ கசடோ கலந்த சிமெண்ட் நிதானமாக இறுகும். அதற்குப் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். வெறும் சிமெண்ட்டுக்கு ஏழு நாள் என்பது விதி. நம்மூரில் மூன்றாவது நாளே சித்தாளை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.