"இலங்கை எப்படி இருந்துச்சு டாக்டர்?"

1) லீவு முடிஞ்சு டூட்டிக்கு வந்த நாள்லேர்ந்து ஓ.பி.யில் பாதிப் பேர் கேட்ட கேள்வி இது. 2025 மே மாசம் நான், கணவர், எட்டு வயசுப் பாப்பா, மாமியார் நாலு பேரும் எட்டு நாள் இலங்கை போய்ட்டு வந்தோம். கச்சிராயபாளையத்துல இது பெரிய சேதிதான். ஆனா ஒரு வரியில பதில் சொல்ல முடியல. அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2) எங்க நாலு பேருக்கும் ஒரே வேன், ஒரே சாப்பாடு. ஆனா பார்த்துட்டு வந்தது வேற வேற நாடு. அத்தைகிட்ட கேட்டா "நம்ம ஊரு மாதிரியேதான்"ம்பாங்க. கணவர் "நம்மளைவிட இருபது வருஷம் முன்னாடி போய்ட்டாங்க"ம்பார். பாப்பாவுக்கு அது இன்னொரு ஊட்டி. யாரும் பொய் சொல்லல. அவங்கவங்க மனசுல நின்னது வேற வேற பகுதி, அவ்ளோதான்.

3) அத்தை சொல்றது யாழ்ப்பாணம். சென்னையில ஏறி ஒரு தூக்கம் போடறதுக்குள்ள பலாலி வந்துடுது. செம்மண், பனை, கிணறு, வேலி. "எங்கேயிருந்து வாறியள்?"னு கேட்டதும் அத்தைக்கு முகம் மலர்ந்துடுச்சு. மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்ததும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிட்டாங்க. நம்ம பக்கத்து விவசாயிக்கு மரவள்ளி கண்ணுல பட்டா அது சொந்த ஊர்தான்.

4) எனக்கு யாழ்ப்பாணம்னா மானிப்பாய். சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் 1840களின் கடைசியில இங்கேதான் மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார். பிறகு பாடத்தையே தமிழுக்கு மாத்தினார். உடற்கூறு, பிரசவம், அறுவைச் சிகிச்சைன்னு தமிழ்ல புத்தகங்கள் வந்தன. நூத்தைம்பது வருஷம் கழிச்சும் "தமிழ்ல மருத்துவம் படிக்க முடியுமா"ன்னு நாம விவாதம் பண்ணிட்டு இருக்கோம். அங்க ஆஸ்பத்திரிக்குப் பேரு வைத்தியசாலை, நர்சுக்குப் பேரு தாதி. யாருக்கும் கூச்சமில்லை.

5) அங்கேருந்து ஏ9 ரோட்டுல தெற்கே வந்தோம். கிளிநொச்சி, வவுனியா. 2009 வரைக்கும் போர் நடந்த பூமி. வவுனியா தாண்டினதும் பேச்சு சிங்களமாகிடுது. கோயில் கோபுரம் போய் தாகோபம் வருது. அனுராதபுரத்துல பாப்பா ஏரியைப் பார்த்துட்டு "கடலா அம்மா?"ன்னு கேட்டா. இரண்டாயிரம் வருஷத்துக் குளங்கள். கோமுகி அணையை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது கடல்தான்.

6) டூரிஸ்ட் வழிகாட்டி சொல்லாத ஒரு விஷயம் இந்த வட மத்திய மாகாணத்துல இருக்கு. சர்க்கரையும் பி.பி.யும் இல்லாத விவசாயிகளுக்கு கிட்னி செயலிழக்குது. 1990கள்லேர்ந்து பார்க்கிறாங்க. தண்ணியிலுள்ள ஃபுளோரைடு, பூச்சிமருந்து, வெயில்ல நீர் வற்ற வேலை செய்றதுன்னு பல சந்தேகங்கள் இருக்கு. ஒரே காரணம்னு இன்னும் முடிவாகல. ஊருக்கு ஊர் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல கரும்பு வெட்டறவங்களும் இதைக் கேட்டுக்கணும். வெயில் வேலைன்னா தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க. வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க.

7) இதே இலங்கைதான் மலேரியாவை ஒழிச்ச நாடும். 1963ல் நாடு முழுக்க 17 கேஸ். ஜெயிச்சாச்சுன்னு அசந்தாங்க. 1960கள் முடியறதுக்குள்ள லட்சக்கணக்குல திரும்பி வந்துச்சு. மறுபடி ஆரம்பத்துலேர்ந்து போராடி, 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்றே இல்லாமப் பண்ணி, 2016 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கினாங்க. இடையில இருபத்தாறு வருஷ உள்நாட்டுப் போரும் நடந்திருக்கு.

8) கண்டியிலிருந்து ரயில். இன்ஸ்டாகிராம்ல எல்லாரும் கதவுல தொங்கி போட்டோ எடுக்கிற அதே ரயில்தான். (தொங்காதீங்க. எலும்பு முறிவு வார்டு பார்த்தவ சொல்றேன்.) ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா. இரண்டு பக்கமும் பச்சைக் கம்பளம். பாப்பாவோட ஊட்டி இதுதான். ஆனா அவதான் கேட்டா: "அம்மா, ஏன் இங்க வீடெல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கு?"

9) அதுக்குப் பேரு லயம். தேயிலைத் தோட்டத் தொழிலாளிகளுக்கு வெள்ளைக்காரன் காலத்துல கட்டின வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்ன அறை, முன்னாடி ஒரு திண்ணை. நூறு வருஷத்துக்கு மேலான லயங்கள்ல இன்னிக்கும் ஆள் குடியிருக்காங்க. இருக்கிறவங்க நம்ம ஜனங்க. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துலேர்ந்து கங்காணிங்க கூட்டிட்டுப் போனவங்களோட பேரப்பிள்ளைங்க. மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போயிருக்காங்க. வழியிலேயே காலராவுல செத்தவங்க நிறைய.

10) கொழுந்து பறிச்சிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட அத்தை "உங்களுக்கு எந்த ஊரும்மா?"ன்னு கேட்டாங்க. "துறையூர் பக்கம்னு எங்க பாட்டி சொல்லும். நான் பார்த்ததில்லைங்க"ன்னாங்க. யாழ்ப்பாணத் தமிழ் இல்லை, அச்சு அசல் நம்ம பேச்சு. 1948ல் அந்த நாடு இவங்க குடியுரிமையைப் பறிச்சுது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல இரண்டு அரசும் ஆளை எண்ணிப் பங்கு போட்டுக்கிச்சு. மிச்சமிருந்தவங்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003 சட்டம் வரைக்கும் ஆச்சு.

11) கடைசியா கொழும்பு. கணவரோட இலங்கை இது. தாமரைக் கோபுரம், ஜீப்ரா கிராசிங்ல கால் வெச்சா நிக்கிற கார்கள், குப்பையில்லாத ரோடு. 2022ல் திவாலாகி, மருந்தில்லாம பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனைத் தள்ளிவெச்ச நாடுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அப்பவும் அரசு ஆஸ்பத்திரியில இலவச மருத்துவத்தை நிறுத்தல. பக்கத்துல இருக்கிற களுத்துறையிலதான் 1926ல் முதல் சுகாதாரப் பிரிவு ஆரம்பிச்சுது. மருத்துவச்சி கர்ப்பிணியைத் தேடி வீட்டுக்கே போற வழக்கம் அங்கேருந்து நாடெல்லாம் பரவுச்சு.

12) இப்ப விஷயத்துக்கு வர்றேன். அஞ்சு வயசுக்குட்பட்ட குழந்தைகள்ல, வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க எத்தனை பேர்? இது பரம்பரைக் குள்ளம் இல்லை. பல மாசம் சத்துக் குறைஞ்சு, திரும்பத் திரும்ப நோய் வந்ததோட அடையாளம். 2016 ஆய்வுப்படி இலங்கையில 100க்கு 17. தமிழ்நாட்டுல 2019–21 ஆய்வுப்படி 25. "பாருங்க, நம்மளைவிட நல்லா இருக்காங்க"ன்னு கணவர் சொன்னது சரிதான்.

13) ஆனா அதே இலங்கை ஆய்வுல தோட்டப் பகுதிக்கு மட்டும் தனியா ஒரு எண் இருக்கு. 32. பாப்பா பார்த்த ஊட்டியில மூணுல ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருக்கு. 17ங்கிற சராசரியை மட்டும் பார்த்திருந்தா இந்தக் குழந்தைகள் கண்ணுக்கே தெரிஞ்சிருக்க மாட்டாங்க.

14) அது எப்படித் தெரிய வந்துச்சு? இலங்கை தன்னோட புள்ளிவிவரத்தை நகரம், கிராமம், தோட்டம்னு மூணாப் பிரிச்சு எண்ணுது. நான் இந்தப் பயணத்துல கொண்டுவந்த பெரிய சேதி இதுதான். தன் நாட்டுல எந்தப் பகுதி பின்தங்கியிருக்குன்னு அவங்களே தனியா எண்ணி, அச்சடிச்சு, உலகத்துக்குக் காட்டுறாங்க. வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனா மறைக்கல.

15) இப்ப நம்ம மலைக்கு வாங்க. கோமுகி அணையைத் தாண்டி ஏறினா கல்வராயன். லீவு நாள்ல மேகம் அருவி, பெரியார் அருவின்னு கார் கார் ஆ போறோம். அழகுதான். அங்க இருக்கிற மலையாளி பழங்குடிக் குழந்தைகள்ல 100க்கு எத்தனை பேர் வளர்ச்சி குன்றியிருக்காங்க? அந்த எண்ணை தேசிய குடும்பநல ஆய்வுலேர்ந்து உங்களால எடுத்துக் காட்ட முடியாது. தேசிய குடும்பநல ஆய்வு மாவட்டத்துக்குக் கீழே இறங்காது. போதாக்குறைக்கு நம்ம மாவட்டம் 2019 நவம்பர்லதான் பிறந்துச்சு. 2019–21 ஆய்வுல கள்ளக்குறிச்சியே விழுப்புரத்துக்குள்ள கரைஞ்சுடுச்சு. அதுக்குள்ள வெள்ளிமலை எங்கே தெரியும்?

16) எண்ணில்லாத ஊர் எப்ப செய்தியாகும்? யாராவது சாகும்போது. 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான் கல்வராயன் மலை மக்கள் எப்படி வாழறாங்கன்னு உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்துச்சு. மழை நாள்ல வலி எடுத்த பொண்ணை 108 நிக்கிற இடம் வரைக்கும் தூக்கிட்டு வர்றது அதுக்கு முன்னாடியும் நடந்துட்டுதான் இருந்துச்சு.

17) "எண்ணினா மட்டும் மாறிடுமா டாக்டர்? இலங்கையில எண்ணியும் 32தானே?" நியாயமான கேள்வி. எண்ணினா மட்டும் மாறாது. லயம் இன்னும் லயமாத்தான் இருக்கு. நாங்க வந்து ஆறு மாசத்துல, நவம்பர்ல டித்வா புயல் அடிச்சு அதே மலைச்சரிவுகள் இடிஞ்சு எத்தனையோ குடும்பங்கள் மண்ணுக்குள்ள போச்சு. ஆனா அந்த 32 இருக்கறதால அவங்க யூனியன் கேட்க முடியுது, பாராளுமன்றத்துல கேட்க முடியுது. ஜுரம் அளக்காம மருந்து எழுத முடியாது. அளந்தாலே குணமாயிடும்னு யாரும் சொல்லல.

18) "அதிகாரிங்ககிட்ட எல்லா கணக்கும் இருக்கும்"னு சொல்வீங்க. ஆமா, இருக்கு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் போடறோம். அங்கன்வாடியில ஒவ்வொரு குழந்தைக்கும் எடை, உயரம் பதிவாகுது. புதுசா சர்வே வேண்டாம், பணமும் வேண்டாம். கல்வராயன் மலை ஒன்றியத்துக்கு மட்டும் தனியாப் பிரிச்சு, வருஷம் ஒரு தடவை பொதுவுல வைக்கணும். குறைப்பிரசவம், எடை குறைஞ்ச குழந்தை, வளர்ச்சி குன்றல், வழியிலேயே நடந்த பிரசவம். நாலு எண் போதும். அரசு சம்பளம் வாங்கறவளா இதைக் கேட்கிறேன். எங்களையும் அந்த எண்ணை வெச்சுக் கேள்வி கேளுங்க.

19) இலங்கை போறவங்களுக்கு டாக்டரா மூணு விஷயம். டெங்கு உண்டு. பகல்லயும் கொசு மருந்து பூசுங்க. காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும், வேற வலி மாத்திரை வேண்டாம். சுகர், பி.பி. மாத்திரையைச் சீட்டோட கைப்பையில வைங்க, லக்கேஜ்ல போடாதீங்க. திரும்பி வந்து காய்ச்சல்னா எங்க போய்ட்டு வந்தீங்கன்னு டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க.

20) போற இடத்துல வேன் டிரைவர்கிட்டயும் டீக்கடை அக்காகிட்டயும் இன்னும் மூணு கேள்வி கேளுங்க. இங்க பிரசவத்துக்கு எங்க போவீங்க? எவ்ளோ நேரம் ஆகும்? குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது? ஒரே நாட்டுக்குள்ள ஊருக்கு ஊர் பதில் எப்படி மாறுதுன்னு பாருங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வெள்ளிமலை ஏறினா அங்கயும் இதே மூணைக் கேட்டுட்டு வந்து கீழே எழுதுங்க. நான் படிக்கிறேன்.